எங்கள் தெருவில் 22 வீடு, 13 வீட்டில் சுகர். இது நிஜக் கணக்கா?

வாய்க்கால்கரை (ஞாயிறு, இரவு 9:12)

போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தனியார் மருத்துவமனை இலவச முகாம் போட்டது. பெயர் வேண்டாம். ஊர் மன்னார்குடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்கு மைக் கட்டி, வரிசையில் நிற்க வைத்து, விரலில் குத்தி, ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். மதியம் சாமான்களை மூட்டை கட்டும்போது அதே மைக்கில் "உங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை" என்று அறிவிப்பு. அதோடு ஒட்டினாற்போல, பேக்கேஜ் இருக்கிறது, வாருங்கள் என்று அழைப்பு.

எனக்கு வந்த எண் 168. சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால்தான் நாலு இட்லி, ஒரு வடை, டீ எல்லாம் முடித்திருந்தேன். ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து தெருவை எண்ணினேன். 22 வீடு. சுகர் மாத்திரை போடுகிற ஆள் ஒருவராவது இருக்கிற வீடு 13. எங்கள் வீட்டையும் சேர்த்து, அம்மாவுக்கு ஒன்பது வருடமாக இருக்கிறது. எண்ணி முடித்தபோது எரிச்சல் போய்ப் பயம் வந்துவிட்டது. தாத்தா காலத்தில் இந்தத் தெருவுக்கே ஒருத்தருக்குத்தான் சக்கரை வியாதியாம், மிராசுதார் வீட்டுப் பெரியவருக்கு. பணக்காரன் வியாதி என்று கொஞ்சம் பொறாமையாகக்கூடச் சொல்வார்களாம்.

இரண்டு சந்தேகம். பாதி ஊருக்குச் சர்க்கரை என்பது நிஜமாக இருக்க முடியுமா? அப்புறம், நாங்கள் எப்போதும் மூன்று வேளையும் சோறு தின்ற ஊர்தான். புதிதாக என்ன வந்து சேர்ந்தது?

ஊசிக்காரன் (ஞாயிறு, இரவு 9:40)

இருபது வருடமாக லேபில் ரத்தம் எடுக்கிறவன். முதலில் உங்கள் 168-ஐப் பார்த்துவிடுவோம்.

சாப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் குத்திய 168-ஐ வைத்துச் சுகர் என்று சொல்லவே முடியாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற சோதனையில் 200 அல்லது மேலே இருந்து, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது என்று அறிகுறியும் இருந்தால்தான் அந்த எண் செல்லும். முறையாகப் பார்த்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருந்து எடுப்பதில் 126 அல்லது மேலே. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதில் 200 அல்லது மேலே. மூன்று மாத சராசரி என்று எல்லோரும் சொல்கிற ஏ1சி 6.5 அல்லது மேலே. அறிகுறி இல்லாத ஆளுக்கு ஒரே ஒரு எண்ணை நம்பக் கூடாது, இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

விரலில் குத்துகிற மீட்டரைக் குறை சொல்லவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள அது போதும். ஆனால் அது 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டினாலும் தரத்துக்கு உட்பட்டதுதான். இன்னொன்று, முகாமில் யாராவது கை கழுவச் சொன்னார்களா? வாழைப்பழம் உரித்த விரலை அப்படியே குத்திப் பாருங்கள். பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். ஒரு அம்மாவுக்கு 290 என்று வந்து, அழுதுகொண்டே லேபுக்கு வந்தார்கள். கை கழுவிவிட்டு எடுத்தால் 114.

புள்ளிக்கணக்கு (ஞாயிறு, இரவு 10:25)

முகாம் கணக்கு ஏன் செல்லாது என்பதற்கு ஊசிக்காரன் சொன்னது பாதிக் காரணம். மீதிப் பாதி, வரிசையில் நின்றது யார் என்பது. ஏற்கெனவே சுகர் உள்ளவர் "இலவசமாகப் பார்க்கிறார்களாம்" என்று வந்திருப்பார். அப்பா அம்மாவுக்கு இருக்கிறது என்று பயப்படுகிறவர் வந்திருப்பார். அறுபது தாண்டியவர்கள் வந்திருப்பார்கள். வேலைக்குப் போன இருபத்தைந்து வயதுப் பையன் வந்திருக்க மாட்டான். வந்தவர்களில் பாதி என்பதை ஊரில் பாதி என்று மைக்கில் சொல்வது, பஸ் ஸ்டாண்டில் நின்று எண்ணிவிட்டு ஊரில் எல்லோரும் வெளியூர் போகிறார்கள் என்று சொல்வது மாதிரி.

ஒழுங்காக எண்ணுவது எப்படி இருக்கும் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2008-ல் ஆரம்பித்து 2020 வரை மாநிலம் மாநிலமாகப் போனார்கள். மாநிலத்துக்கு 4,000 பேர், அதில் கிராமம் 2,800, நகரம் 1,200. வீட்டைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். அந்த வீட்டுக்குள்ளும் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் யாரைச் சோதிப்பது என்பதற்கு ஓர் அட்டவணை. கதவைத் திறந்தவரையோ, நான் வருகிறேன் என்று முன்னால் வந்தவரையோ எடுக்கக் கூடாது. எல்லா மாநிலமும் சேர்த்து 1,13,043 பேர்.

முதல் கட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது 10.4 சதவீதம். நகரத்தில் 13.7, கிராமத்தில் 7.8. பிறகு 2023-ல் வெளியான நாடு முழுவதற்குமான கணக்கில் தமிழ்நாடு 14.4. நாட்டுச் சராசரி 11.4, அதாவது 10 கோடிப் பேர். கோவா 26.4, புதுச்சேரி 26.3, கேரளம் 25.5. உத்தரப் பிரதேசம் 4.8. ஆக, பாதி ஊர் என்பது எந்த மாநிலத்திலும் இல்லை.

ஆனால் உங்கள் திண்ணைக் கணக்கை நான் தள்ள மாட்டேன். வீட்டுக்குப் பெரியவர்கள் ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் சுகர் இருக்க 15 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். ஐந்து பேரில் ஒருத்தருக்கும் இல்லாத வீடு 44 சதவீதம்தான் வரும். அப்படியானால் 22 வீட்டில் ஒருவருக்காவது இருக்கிற வீடு 12. நீங்கள் எண்ணியது 13. நூற்றுக்குப் பதினைந்து பேர் என்றால் சின்ன எண்ணாகத் தெரிகிறது. அதையே வீடு வீடாக எண்ணினால் பாதித் தெரு!

நடைமுறையில் இது ஒரே குடும்பத்தில் கூடி வருகிற நோய், அதனால் வீட்டுக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் குறைய வேண்டும். அதோடு நீங்கள் மாத்திரை போடுகிறவர்களை மட்டும் எண்ணினீர்கள். இருந்தும் தெரியாதவர்கள் தனி. இரண்டையும் பார்த்தால் உங்கள் தெரு சராசரியைவிட மேலே என்றுதான் படுகிறது. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய், வயதானவர்கள் தங்கிய தெருவோ?

வாய்க்கால்கரை (ஞாயிறு, இரவு 10:41)

ஆமாம். இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை எல்லாம் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். பொங்கலுக்குத்தான் முகம் பார்க்கலாம்.

கருப்புக்கவுனி (திங்கள், காலை 6:05)

இதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது? ரேஷன் அரிசி, வெள்ளைச் சீனி, பாக்கெட் எண்ணெய். நம் முன்னோர் மாப்பிள்ளைச் சம்பாவும் கவுனியும் கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டார்கள். யாருக்கு வந்தது சுகர்? இன்றைக்கே மாற்றுங்கள், மாத்திரையைத் தூக்கி எறியலாம்.

ஊசிக்காரன் (திங்கள், காலை 7:30)

கவுனி ஐயா, மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். இதைப் படித்துவிட்டு யாராவது நிஜமாகவே எறிவார்கள். மயக்கமாகி வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

மற்றபடி பாதி சரி. தவிடு போகத் தீட்டிய அரிசி ரத்தத்தில் வேகமாக ஏறும். நாம் நாள்தோறும் வாங்குகிற பொன்னி, சோனா மசூரி, சுர்தி கோலம் மூன்றையும் சென்னையில் சோதித்தபோது சர்க்கரை ஏற்றக் குறியீடு மூன்றுக்கும் 70-க்கு மேலே வந்தது. குளுக்கோஸை 100 என்று வைத்து அளக்கிற அளவு அது, 70-ஐத் தொட்டாலே அதிகம் என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். சென்னையில் 2001-ல் தொடங்கி 26,001 பேரைப் பார்த்த ஆய்வில், சராசரி ஆளின் ஒரு நாள் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது, முக்கியமாக வெள்ளைச் சோறு. அதை அதிகம் சாப்பிட்டவர்களிடம் சுகரும் அதிகம்.

கவுனியும் அரிசிதான். தட்டு நிறையக் கவுனிச் சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டு லேபுக்கு வந்தவரின் எண்ணை நான் பார்த்திருக்கிறேன். கருப்பட்டிக் காப்பியும் அப்படியே. நாட்டுச் சர்க்கரைக்கு ரத்தத்தில் தனிச் சலுகை கிடையாது.

ரேஷன் அரிசி மேல் பழி போடுவது எனக்கு உடன்பாடில்லை. 2011-லிருந்து அது இலவசம். அதனால் பசியோடு படுக்காத வீடுகள் எத்தனை என்று தெரியும், எங்கள் வீடும் அதில் ஒன்று. குறை தட்டின் மீதிப் பகுதியில். சோறு மலை மாதிரி, குழம்பு ஆறு மாதிரி, பருப்பும் காயும் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு.

ஏர்க்கால் (திங்கள், மதியம் 2:50)

நான் விவசாயி, வயது 63. என் பேரன் இதைக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் அடிக்கிறான், பிழை இருந்தால் அவனுடையது.

தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சோறு நாங்களும் தின்றோம். இப்போது தின்பதைப்போல இரண்டு பங்கு. காலையில் ஒரு சட்டி பழையது, மதியம் வயலுக்குத் தூக்குச்சட்டி, ராத்திரி வடித்த சோறு. ஆனால் அந்தச் சோற்றை உடம்பில் தங்க விட்டதில்லை.

ஐந்து மணிக்கு ஏர் பூட்டினால் பத்து மணி வரைக்கும் சேற்றில் மாட்டுக்குப் பின்னால் நடை. ஒரு மா உழ எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள். அண்டை வெட்டு, வரப்புக் கட்டு, நாற்றுக் கட்டைத் தலையில் தூக்கி வயலுக்கு வயல். பெண்கள் குனிந்த இடுப்பு நிமிராமல் நடவு. அறுப்பு, கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் களம், கதிரடி, தூற்றல். வீட்டில் நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்துவது. ஆட்டுக்கல், அம்மி. சந்தைக்கு நடை, சினிமாவுக்கு நடை, பெண் பார்க்கப் போனாலும் நடை.

இப்போது உழ டிராக்டர், நட மெஷின், அறுக்க மெஷின். அறுவடை மெஷின் வந்தால் ஒரு வேலி நிலத்தை ஒரே நாளில் முடித்து நெல்லைத் தார்ப்பாயில் கொட்டிவிட்டுப் போகிறான். நான் வரப்பில் குடை பிடித்து நிற்கிறேன். வயலுக்குப் போக டூவீலர். மோட்டாரை நிறுத்தக்கூட நடக்க வேண்டாம், செல்போனில் போட்டால் நிற்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த வேலை முதுகை உடைத்த வேலை, என் மகன் அதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட மாட்டேன். வேலை மட்டும் போனது, சோறு போகவில்லை. அவ்வளவுதான் நான் கண்டது.

எனக்கும் ஆறு வருடமாக இருக்கிறது. மெஷின் வாடகைக்கு எடுக்க ஆரம்பித்து நாலைந்து வருடத்தில் வந்தது.

புள்ளிக்கணக்கு (திங்கள், மாலை 4:15)

ஏர்க்கால் ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே எண்ணிலும் இருக்கிறது. 1989 வாக்கில் சென்னையில் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தபோது, அதே ஆய்வாளர்கள் பார்த்த கிராமத்தில் 2.4 சதவீதம்தான். 2006-ல் கிராமத்தில் 9.2. ஒரு தலைமுறைக்குள் அன்றைய சென்னையைக் கிராமம் பிடித்துவிட்டது. சென்னை அதற்குள் 1995-ல் 11.6, 2000-ல் 13.5 என்று முன்னால் ஓடிவிட்டது, அது வேறு.

மரபணு இருபது வருடத்தில் மாறாது. மாறியது நீங்கள் சொன்ன அந்தப் பட்டியல்தான்.

ஈப்போ மலர் (திங்கள், இரவு 8:30)

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஏர்க்கால் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பாதான் கண்ணில் வந்தார். இங்கே நாங்கள் இதை இனிப்பு நீர் என்போம்.

அப்பா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினவர். விடியற்காலையில் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனால் மரம் மரமாக நடை, அப்புறம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடை. தோட்டம் துண்டாடப்பட்டபோது நாங்கள் டவுனுக்கு வந்தோம், நாலாவது மாடி அடுக்குமாடி வீடு. அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போனார். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலி. பக்கத்தில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக், ராத்திரி வேலை என்பதால் இரண்டு ரொட்டி சானாய். இரண்டு கால் விரல்களை எடுத்த பிறகுதான் இனிப்பு நீர் எத்தனை வருடமாக இருந்தது என்று கணக்குப் பார்த்தோம்.

2019-ல் இங்கே எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு. இனவாரியாகப் பார்த்தால் சீனர் 15.1, மலாய்க்காரர் 22, இந்தியர் 31.4. இந்தியர் என்ற அந்தக் கட்டத்துக்குள் பெரும்பாலோர் நாம்தான். சிங்கப்பூரிலும் 2010 கணக்கில் இந்தியர்தான் முதலில், 17.2. ஒரே நாடு, ஒரே கடைத்தெரு, ஒரே வெயில். நமக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு?

வடமராட்சியான் (திங்கள், இரவு 9:55)

எங்கட பக்கம் இதைச் சீனி வருத்தம் என்பார்கள். அம்மம்மா சலரோகம் என்று சொல்லுவா.

இலங்கையில் 2005–06-ல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் 10.3 சதவீதம், நகரத்தில் 16.4. அதில் ஏழு மாகாணம்தான். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் இல்லை. எங்களை எண்ணவே இல்லை. 2018–19-ல் எடுத்ததில் நாடு முழுவதும் 23 சதவீதம் என்று வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல், கணக்கெடுத்த முறையில் வித்தியாசம் இருந்தாலும் இது சின்ன ஏற்றமில்லை.

சாப்பாடு என்று பார்த்தால் காலையில் பாண் (பிரெட்), இரவில் இடியப்பம் அல்லது புட்டு, நடுவில் ஐந்தாறு தேத்தண்ணி. சீனி போடாத பிளேன் டீயைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். "நான் சீனி தொடுறதில்லை" என்றும் சொல்லுவார்கள். குரக்கன் (கேழ்வரகு) புட்டு இப்போது டொக்டர் சொன்னால் மட்டும் அவிக்கிற சாமான் ஆகிவிட்டது.

ஒல்லிக்குச்சி (செவ்வாய், காலை 8:20)

எல்லோரும் வயிறு, தொப்பை, உழைப்பு என்கிறீர்கள். என்னைப் பாருங்கள். உயரம் 170, எடை 61. காலேஜில் என் பட்டப்பெயரைத்தான் இங்கே வைத்திருக்கிறேன். 33 வயதில் ஏ1சி 8.1. ஆபீசில் ரிப்போர்ட்டைக் காட்டினால் "லேபில் மாற்றிக் கொடுத்திருப்பான்" என்று சிரிக்கிறார்கள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உண்டு. நான் எதில் சேர்த்தி?

மருந்துச்சீட்டு (செவ்வாய், பகல் 1:10)

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஒல்லிக்குச்சிக்கும் ஈப்போ மலர் அக்காவுக்கும் ஒரே பதில்.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், புனேயைச் சேர்ந்த யாக்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடை என்ற குறியீடு இரண்டு பேருக்கும் 22.3, ஒரே அளவு. உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க இருவரும் ஒல்லி. ஒருவர் உடம்பில் தசை, இன்னொருவர் உடம்பில் சட்டைக்குள் மறைந்த கொழுப்பு.

தெற்காசியர்களின் உடல்வாகு பெரும்பாலும் இதுதான். கை கால் மெலிவு, தசை குறைவு. கொழுப்பு தோலுக்கடியில் தங்காமல் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போய் உட்காரும். தசைதான் ரத்தத்திலிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கிற பெரிய கிடங்கு. கிடங்கு சின்னது, ஈரலோ கொழுப்பேறி, சர்க்கரையை இறக்குகிற சுரப்பான இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, இன்சுலின் சுரக்கும் திறனும் நம்மவர்களுக்குச் சீக்கிரமே தளர்ந்துவிடுவதாகப் பல ஆய்வுகளில் பார்க்கிறோம். அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் குறியீடு 25-ல் அதிக எடை என்றால் நமக்கு 23-லேயே என்று எல்லையை இறக்கி வைத்திருக்கிறோம். இடுப்புச் சுற்றளவுக்கும் தனி எல்லை, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

இது எங்கிருந்து வந்தது என்பதில் சண்டை உண்டு. பஞ்சத்தில் சேமித்துப் பழகிய மரபணு என்று 1962-ல் நீல் சொன்னார். அது இல்லை, கருவில் இருக்கும்போதே பட்டினி கண்ட குழந்தை அதற்கேற்ப உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது, பிற்காலத்தில் தாராளமாகச் சாப்பாடு கிடைக்கும்போது அந்த உடம்பு தாங்குவதில்லை என்று 1992-ல் ஹேல்ஸும் பார்க்கரும் சொன்னார்கள். புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, எடை குறைவான சிசுவிலும் கொழுப்பு மட்டும் குறையாமல் இருந்தது தெரிந்தது. எனக்கு இரண்டாவது கட்சியில்தான் நம்பிக்கை அதிகம். தோட்டத்தில் பட்டினி கிடந்த பாட்டி, அவள் வயிற்றில் சின்னதாகப் பிறந்த மகன், டவுனில் நாற்காலியில் உட்கார்ந்த அதே மகன். அக்கா சொன்ன அப்பா கதையில் அத்தனையும் இருக்கிறது.

ஒல்லிக்குச்சி, உங்களுக்கு அப்பா அம்மா இருவர் பக்கமும் உண்டு என்பது பெரிய காரணம். இருந்தாலும் இந்த வயதில், இந்த எடையில், இந்த அளவில் வரும்போது முதல் வகையோ (இன்சுலின் சுரப்பே அற்றுப்போவது) வேறு வகையோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நேரில் ஒரு சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். இங்கே நான் வைத்தியம் சொல்வது சரியில்லை.

நெறியாளர் (செவ்வாய், மாலை 5:00)

"45 நாளில் சர்க்கரை வேரோடு குணம்" என்று பொடி விற்ற பதிவு, அதற்கு விலை கேட்ட நாலு பதிவுகள் நீக்கப்பட்டன. இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

வெள்ளைப்புடவை (செவ்வாய், இரவு 10:15)

கிராமச் செவிலியாக இருக்கிறேன். இதுவரை பேசியதில் பெண்கள் அதிகம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2007-லிருந்து கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைச் சோதனை. வெறும் வயிற்றோடு வர வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்போம், இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. சொல்வது சுலபம். மசக்கையில் இருக்கிற பெண்ணுக்கு அந்தத் தித்திப்புத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. எலுமிச்சம்பழம் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, பெஞ்சில் உட்கார வைத்திருப்போம். வாந்தி எடுத்தால் இன்னொரு நாள்.

பிரசவத்தோடு பெரும்பாலும் இறங்கிவிடும். அங்கேதான் கோட்டை விடுகிறோம். கர்ப்பத்தில் வந்து போனவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாக வரும் ஆபத்து மற்ற பெண்களைவிடப் பல மடங்கு. ஆறு வாரம் கழித்துத் திரும்பச் சோதனைக்கு வரச் சொன்னால் குழந்தைக்குத் தடுப்பூசி போட வருவார்கள், தாய் கையை நீட்ட மாட்டாள். "எனக்கு அப்பவே சரியாப்போச்சு சிஸ்டர்." நாலைந்து வருடம் கழித்து இரண்டாவது பிள்ளைக்கு வரும்போது நேரடியாகச் சர்க்கரை நோயாளியாகவே வருகிறாள். அந்த வயிற்றுப் பிள்ளைக்கும் பிற்காலத்தில் ஆபத்து கூடுதல். மருந்துச்சீட்டு சார் பாட்டியிலிருந்து தொடங்கினார், எனக்கு இது கண்முன் நடக்கிறது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டுக்கே மாத்திரை போகிறது. நல்ல காரியம். ஆனால் சில வீடுகளில் போன மாத அட்டை பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். கேட்டால் "உடம்புக்கு ஒன்றும் இல்லையே" என்பார்கள். வலிக்காத நோய்க்கு மாத்திரை சாப்பிட வைப்பது பெரும்பாடு.

வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு உழைப்பு இருக்கிறதே என்று சொல்வீர்கள். நடவு போய்விட்டது, ஆட்டுக்கல் போய்விட்டது. மிஞ்சியது நின்றுகொண்டே சமையல், அப்புறம் சீரியல். சாயங்காலம் நடக்கப் போனால் "எங்கே கிளம்பிட்டா" என்று தெரு கேட்கும்.

கருப்புக்கவுனி (புதன், காலை 6:10)

சிஸ்டர் சொன்ன கடைசி வரி என் வீட்டிலும் உண்மை. மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அரிசி விஷயத்தில் மட்டும் நான் இறங்க மாட்டேன்!

மருந்துச்சீட்டு (புதன், பகல் 2:00)

இறங்க வேண்டாம் ஐயா, அளவை மட்டும் குறையுங்கள்.

வாய்க்கால்கரை, மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். சென்னையில் 2005-ல் நம் மக்களை வைத்தே உருவாக்கிய ஆபத்து மதிப்பெண். ரத்தமே வேண்டாம், தையல்காரர் டேப் போதும். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்பு, ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழே 0, 99 வரை 10, 100-லிருந்து 20. பெண்ணுக்கு இதே கணக்கில் சென்டிமீட்டரை மட்டும் பத்துப் பத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கடும் உழைப்பு, தினசரி உடற்பயிற்சி இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. கூட்டினால் 60 அல்லது மேலே வந்தவர்கள் சோதித்தே ஆக வேண்டும்.

இதில் இனிப்பு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? பீடி, சிகரெட், தூக்கமின்மை எல்லாமும் ஆபத்தைக் கூட்டும். ஆனால் யாரைச் சோதிப்பது என்று கண்டுபிடிக்க இந்த நாலே போதுமாக இருந்தது.

டேப்பை பேண்ட் நிற்கிற இடத்தில் வைக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு. நம் ஆண்கள் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே மாட்டிக்கொண்டு 34 என்பார்கள்.

வாய்க்கால்கரை (மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8:45)

எல்லோருக்கும் நன்றி. பக்கத்துத் தெரு தையல் கடையில் டேப் இரவல் வாங்கி வந்து வீட்டில் எல்லோரையும் அளந்தேன். எனக்கு வயது 41-க்கு 20. இடுப்பு 96, அதற்கு 10. அம்மாவுக்கு இருப்பதால் 10. கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதுகிற வேலை, நடைப்பயிற்சி கிடையாது, 30. மொத்தம் 70. எங்கள் சித்தப்பா 58, இன்னும் தென்னை மரம் ஏறுகிறார், இடுப்பு 84, அவருக்கு 50. என்னைவிடப் பதினேழு வயது பெரியவர்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் போய்க் குளுக்கோஸ் குடித்துப் பார்த்தேன். வெறும் வயிறு 118, இரண்டு மணி நேரம் கழித்து 171. சர்க்கரை இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். முகாமில் சொன்னது பொய்தான். ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டால் இந்த 171 எனக்குத் தெரிந்திருக்காது. அவர்களைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

தம்பிக்கு 36 வயது, அளக்க விடவில்லை. "தெரிஞ்சா தானே வியாதி" என்கிறான்.

புள்ளிக்கணக்கு (சனி, இரவு 9:20)

இந்த வாசல் நிலையில் இருந்த 531 பேரை வைத்து இங்கேயே ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளியானது. சும்மா விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர நடை, சாப்பாட்டில் அளவு என்று மாற்றியவர்களில் 39 சதவீதம். முழுக்கத் தடுக்கவில்லை, உண்மைதான். இதில் எனக்குப் பிடித்தது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, இருந்தும் பலன் இருந்தது. தராசைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள்.

ஏர்க்கால் (ஞாயிறு, காலை 7:00)

தம்பி, சாயங்காலம் வயல் பக்கம் நடக்கிறேன். வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர். நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் மதகு என்று பேரன் சொல்கிறான். ஐந்தரை மணிக்கு வா.

ஒல்லிக்குச்சி (ஞாயிறு, காலை 9:35)

அண்ணனுக்கு டேப் வைத்துப் பார்த்தேன். 37 அங்குலம், சென்டிமீட்டரில் 94. "என் பேண்ட் சைஸ் 34-டா" என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.